ஷெர்லியின் ஸ்கூட்டர்

இரணியல் தெருமுனையில் திரும்பும்போதே ஷெர்லி ஹாரனை விடாமல் அடிப்பாள். ஸ்கூட்டரின் பின்னால் மீன்பெட்டி, வாயில் மாதா கோயில் பாட்டு. வாங்க வழியில்லாத வீடுகள் எவை என்று அவளுக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, இருப்பதில் கொழுத்த மீனாகப் பார்த்துச் சட்டியில் போடுவாள். "வாலு போதும்" என்று யாராவது கூச்சப்பட்டால் தெருவுக்கே கேட்கும்:

"ஏட்டி, எனக்க சேசுவுக்கு நான் வாலையா குடுப்பேன்? பிடி!"

சொல்லிவிட்டு அவளே கைகொட்டிச் சிரிப்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்கிற உதவி ஊசிப்போன மீன் என்பது அவள் கட்சி.

போன ஆனி மழையில் ஒரு கல்யாண விருந்துக்காகப் பெட்டி நிறைய நெய்மீன் கொண்டுபோனாள். அப்படியொரு ஆர்டர் அவளுக்கு எப்போதாவதுதான் வரும். வழியில், அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் நாகம்மை நனைந்துகொண்டே குறுக்கே ஓடி வந்தாள். மருமகள் அஸ்வதிக்கு வலி கண்டுவிட்டது. மகன் துபாயில். ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதால் ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நிற்கிறது.

ஷெர்லி ஒரு நொடி பெட்டியைப் பார்த்தாள். அடுத்த நொடி கயிற்றை அவிழ்த்து அதைத் தெருவோரம் இறக்கிவிட்டாள்.

"ஐயோ மக்கா, மீனு நாசமாப் போவுமே!"

"போனா பூனைக்குக் கல்யாணம்! நீ ஏறு அக்கா!"

வீட்டு வாசலில் அஸ்வதியையும் ஏற்றிக்கொண்டார்கள். நடுவில் அவள், அவளை அணைத்தபடி பின்னால் நாகம்மை. தென்னந்தோப்புச் சேற்றில் ஸ்கூட்டர் வழுக்கி வழுக்கிப் போனது.

"பேடிக்காத மக்கா, நல்லா மூச்சு விடு. மாதாவே, கூட வாரும்! அக்கா, நீ உனக்க சாமியக் கூப்பிடு. எல்லாரும் வரட்டும்!"

சொன்ன கையோடு பாட்டையும் எடுத்துவிட்டாள். அந்த வலியிலும் அஸ்வதிக்குச் சிரிப்பு வந்தது.

தக்கலை ஆஸ்பத்திரியில் அஸ்வதியை உள்ளே கொண்டுபோனதும் கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. வேறு ஆளிடம் மீன் வாங்கிவிட்டார்களாம். நல்ல ஏச்சு. "ஓ, எனக்க மேலதான் தப்பு. ஏசுங்க, கேக்கியேன்" என்றவள், உள்ளிருந்து ஓர் அழுகுரல் கேட்டதும் போனை உயர்த்திப் பிடித்துக் கத்தினாள்:

"கேட்டியளா? பிள்ள பிறந்துட்டு! பிறந்துட்டு!"

சற்று நேரத்தில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். பெண் குழந்தை. "முதல்ல நீ வாங்கு" என்றாள் நாகம்மை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஷெர்லி குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுக் கழுவி விரல்களை முகர்ந்தாள். மறுபடி கழுவி, மறுபடி முகர்ந்தாள். பிறகு திரும்பி வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, குழந்தையின் நெற்றியில் தன் மூக்கை மெல்ல ஒற்றி எடுத்தாள்.