அழகரின் தார் பீப்பா

அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த அழகர், 1968 தை மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தன் பெருவிரலைச் சுத்தியலால் அடித்துக்கொண்டார். வலி பதினொரு மணிக்குத்தான் வந்தது. வெயில் பட்டறை வாசலை எட்டி, விரல் கொஞ்சம் சூடேறிய பிறகு, திடீரென்று துள்ளிக் குதித்தார். சோறு கொண்டுவந்த மனைவி இராக்கம்மா எப்போது அடிபட்டது என்று கேட்டாள். காலையில் என்றார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பட்டறை இருந்த இடம் அப்படி. இரண்டு மலைகளுக்கு நடுவே காற்று நுழைகிற சந்தில், தகரக் கொட்டகை. மரம் ஒட்டும் வச்சிரப் பசை கருப்பட்டி மாதிரி உறைந்து கிடக்கும். அழகர் இரண்டு கம்பளிச் சட்டை, அதன்மேல் ஒரு சாக்கு, தலையில் குரங்குத் தொப்பி என்று வேலை செய்வார். அளவெடுக்கக் குனிந்தால் நிமிர நேரமாகும்.

அந்த வாரமே துரை பங்களாவில் ஜன்னல் சட்டம் மாற்றப் போனார். அங்கே கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் துரையின் நாய் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு குறட்டை விட்டது. அழகர் ஜன்னலைப் பார்த்ததைவிட நாயைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்கு வந்து, தானும் ஒரு கணப்பு செய்யப்போவதாக இராக்கம்மாவிடம் சொன்னார்.

பெரகல சந்தியில் ரோட்டு வேலைக்காரர்கள் விட்டுப்போன வெற்றுத் தார் பீப்பா ஒன்றைக் கேட்டு வாங்கினார். லொறிக்காரர் அதைத் தோட்டத்துக்குக் கீழே, ரோடு வளையும் முடக்கில் இறக்கிவிட்டார். அங்கிருந்து மேலே உருட்டவேண்டும். பாதி வழியில் இராக்கம்மா சேலையை இழுத்துச் செருக ஒரு கையை எடுத்தாள். எப்படித் தள்ளவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அழகர் இரண்டு கையையும் எடுத்தார். பீப்பா கல் படிகளில் தடதடவென்று இறங்கி, கடைசி லயத்து வீட்டு வரிசையில் இருந்த பெரியாயியின் சவ்சவ் பந்தலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பெரியாயி கொழுந்து பறிப்பதில் மட்டுமல்ல, நியாயம் பேசுவதிலும் கெட்டிக்காரி. பீப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க கொல்லையில விழுந்தது எனக்குத்தாண்ணே. பலாப்பழம் விழுந்தா திருப்பிக் குடுப்பாங்களா?"

அழகர் நெடுநேரம் கெஞ்சினார். கடைசியில், கணப்பில் வரும் சூட்டில் பாதி பெரியாயிக்கு என்று முடிவாயிற்று. சூட்டை எப்படிப் பாதியாகப் பிரிப்பது என்று இருவருமே யோசிக்கவில்லை.

பீப்பாவைப் படுக்கவைத்து, உளியால் வாய் வெட்டி, கதவு மாட்டினார். தேயிலை ஃபெக்டரியில் கழித்துப்போட்ட தகரக் குழாயைப் புகைபோக்கியாக்கிக் கூரை வழியே விட்டார். கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலை மிலாறுக் குச்சி கட்டுக்கட்டாகக் கிடந்தது, அதுதான் விறகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்தார். குழாயின் வாய் காற்றைப் பார்த்து இருந்ததால் புகை வெளியே போகவில்லை. வெளியே இருந்த காற்றுதான் உள்ளே வந்தது. பீப்பா ஒரு தும்மல் தும்மியது. அழகர் கரிய முகத்தோடு வாசலுக்கு ஓடிவந்தார். பட்டறை எரிகிறது என்று வாளியோடு வந்தவர்கள் எதை அணைப்பது என்று தெரியாமல் அவரை அணைத்தார்கள். தை மாதத்து ஊற்றுத் தண்ணீர். அன்று முழுவதும் அவருடைய பற்கள் தட்டச்சு இயந்திரம் போல அடித்தன.

மறுநாள் குழாய்க்கு முழங்கை போல வளைந்த ஒரு துண்டு வைத்து வாயைத் திருப்பினார். புகை ஒழுங்காக மேலே போனது. ஆனால் பீப்பாவின் அடியில் ஒட்டியிருந்த தார் உருகி மூன்று நாள் மணத்தது. தோட்டத்துக்கு ஒருவழியாக ரோடு போடுகிறார்கள் என்று லயமெல்லாம் பேச்சு பரவி, இருபது பேர் கீழே முடக்குவரை போய்ப் பார்த்துவிட்டு, அழகரைத் திட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

நான்காம் நாள் முதல் திட்டு நின்றது. பட்டறைக்குள் அவ்வளவு இதமான சூடு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிறவர்கள், மண்வெட்டிப் பிடி ஆடுகிறது, கத்திப் பிடி ஆடுகிறது என்று உள்ளே நுழைந்தார்கள். ஆடாத பிடிகளை வாசலில் வைத்து ஆட்டிவிட்டு வந்தார்கள். பெரியாயி தன் பங்குச் சூட்டைத் தோசை மாவுக்கு ஒதுக்கினாள். குளிரில் மூன்று நாளானாலும் பொங்காத மாவு, பீப்பா பக்கத்தில் ஒரே இரவில் பொங்கியது. மேலே கயிறு கட்டி யார் யாரோ கம்பளி காயப்போட்டார்கள். அழகர் ஈரச் சேலைகளை விலக்கி விலக்கித்தான் மரம் அறுத்தார்.

ஒரு நாள் பெரட்டில் பாதிப் பேரைக் காணோம். விரட்டிக்கொண்டு வரக் கணக்கப்பிள்ளை தம்பையா பட்டறைக்குள் போனார். ஒல்லியான மனிதர். போனவர் வரவில்லை. அவரைத் தேடி, துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை வந்தார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தம்பையா மட்டும் பீப்பாவோரம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சின்னத்துரை பீப்பாவைப் பார்த்தார். இரண்டடி முன்னால் வந்தார். பிறகு திரும்பி நின்று கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தொரைங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் பெரியாயி. "மாவு இருக்கு."

அவர் குனிந்து பார்ப்பதற்குள் மாவு பானையை விட்டு வழிந்து ஒரு சப்பாத்துக்குள் இறங்கிவிட்டது. அழகர் தன் வேலை போயிற்று என்றே நினைத்தார். சின்னத்துரை சப்பாத்தைக் கழற்றினார். காலைத் துடைக்கத் துணி கேட்டார். அந்தச் சாக்கில் இன்னும் கால் மணி நேரம் கணப்போரம் நின்றார். போகும்போது, தன் ஒஃபிஸுக்கும் இப்படி ஒன்று வேண்டும், ஆனால் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பத்து வருடங்களில் அழகர் ஒன்பது பீப்பாக் கணப்புகள் செய்தார். ஒன்று பண்டாரவளையில் றவூப் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனது. அதன்பின் அங்கே ஒரு பிளேன்டீயை ஒரு மணி நேரம் குடிக்கும் வழக்கம் வந்ததாகச் சொல்வார்கள். பட்டறையில் கதவு, ஜன்னல் வேலைதான் பிந்தியது; தச்சர் கதகதப்பில் அடிக்கடி கண்ணயர்ந்துவிடுவார்.

ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு இருக்க மொனராகலைக்குப் போனார். அங்கே வெயில் காலை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கும். முதல் வாரம் தண்ணீர் வாளிக்குள் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் மருமகனைக் கூப்பிட்டு, தண்ணீர் நிரப்பி உள்ளே இறங்கி உட்கார எங்கேயாவது ஒரு வெற்றுப் பீப்பா கிடைக்குமா என்று கேட்டார்.