கட்டில் காலியாகும் விதம்

எருத்தேன்பதியிலிருந்து பீர்மேட்டுக்கு ஆயா வேலைக்கு நான் போனது எழுபதுகளின் நடுவில். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் கன்னியாஸ்திரீகள் சிலர் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கை கால் வசப்படாத, பேச்சு வராத, விழுங்கவே பாடுபடுகிற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். வாசலில் பலகை இருந்ததே தவிர, உள்ளே பெஞ்சு கிடையாது. வரிசையாகக் கட்டில்தான். காலையில் ஒரு சிஸ்டர் சிவப்புப் பந்தைக் காட்டி, மணியை ஆட்டிப் பாடம் நடத்துவார். பந்து போகிற பக்கம் ஒரு பிள்ளை கண்ணைத் திருப்பிவிட்டால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் திருவிழா. மீதி நேரம் முழுக்க ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது. மழைக்காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, பிள்ளைகள் மேலும் எங்கள் மேலும் எப்போதும் புகைவாசம்.

சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மேல் எஸ்டேட்டிலிருந்து ஒரு அக்கா வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொழுந்து பறிக்கிற கை, விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும்.

"எடம் இருக்கா தங்கச்சி?"

அதற்கு ஒரே மகன், பன்னிரண்டு வயது. கழுத்து நிற்காது, வலிப்பு வரும். புருஷன் ஊருக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கிற கொட்டகையில் பால்குடிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். அதனால் மகன் இடுப்பில் பழைய சேலையைச் சுற்றி, கட்டில் காலோடு கட்டிவிட்டு வேலைக்குப் போகும். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் கட்டு நெகிழ்ந்து பிள்ளை புரண்டு புரண்டு அடுப்போரம் கிடந்திருக்கிறான், முன் முடி பொசுங்கியிருக்கிறது. "ஒத்த ரூம்பு, தங்கச்சி. அடுப்ப எங்கிட்டுத் தள்ளி வைக்க?" என்று என்னிடமே கேட்டது.

அதற்குப் பிறகு வேலைக்கு நடுவில் லயத்து வீட்டுக்கு ஓடிவந்து ஓடிவந்து பார்த்துவிட்டுப் போகும். கங்காணி விடுவாரா? "கொழுந்து பறிக்க வந்தியா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தியா?" என்றவர், இன்னும் ஒருதரம் ஓடினால் பேரை வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். பேர் போனால் லயத்து வீடும் போகும்.

பெரிய சிஸ்டர் மலையாளம் கலந்த தமிழில் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார். "கட்டில் ஒழிஞ்சா ஆளு விடாம், கேட்டோ." ஆள் அனுப்புகிறேன் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிறு அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "பரிச்ச எப்ப தங்கச்சி? பெரிய புள்ளைக பாசாயிப் போனா எடம் வரும்ல?"

பள்ளிக்கூடம் என்ற பலகையைப் பார்த்துவிட்டு அது வேறென்ன நினைக்கும்?

"இங்கிருந்து யாரும் பாசாயிப் போறதில்லைங்க அக்கா" என்றேன்.

உள்ளே தெரிந்த கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

இனி வராது என்றுதான் நினைத்தேன். அடுத்த சம்பளத்துக்கு ஒரு பை நிறைய பன்னோடு வந்தது. இடம் பற்றிப் பேச்சே இல்லை. கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, பன்னைத் தேநீரில் ஊறவைத்து, நுனிவிரலால் நாக்கின் ஓரத்தில் வைத்து ஊட்டியது. சன்னலோரக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் உண்டு. மேலே சீனி தூவிய பன் என்றால் அது உடம்பே குலுங்கச் சிரிக்கும். நாலைந்து மாதத்தில், கேட்டில் அந்த அக்கா குரல் கேட்டாலே வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டது.

கூட இருந்த ஆயாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்தியா, கட்டிலு கட்டிலா அளவெடுக்கா" என்றாள், காதில் விழும்படியே.

அந்த அக்கா நிமிரவில்லை. "மொத மாசம் அளவெடுக்கத்தேன் வந்தேன் தாயி. இப்ப இதுக திங்கிறதப் பாக்கவும் வாரேன். ரெண்டும் நெசந்தேன்."

இதைவிடச் சுத்தமான பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆடி மழையில் சன்னலோரப் பெண்ணுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுத்து இழுத்து, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பங்களாவின் பின்சரிவில் புதைத்தோம். மறுநாள் காலையில் பெரிய சிஸ்டர் என்னை ஜீப்பில் ஏற்றி மேல் எஸ்டேட்டுக்கு அனுப்பினார்.

அந்த அக்கா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மழையில் பறித்துக்கொண்டிருந்தது.

"கட்டிலொண்ணு காலியாயிருச்சுங்க அக்கா."

"யாரு?"

"சன்னலோரத்துப் புள்ளைங்க."

கை நிற்கவில்லை. நாலைந்து கொழுந்தைப் பறித்துக் கூடையில் போட்ட பிறகுதான் நின்றது.

"நான் வேண்டிக்கிடல தங்கச்சி."

"தெரியுங்க அக்கா."

"ஒருநாளும் வேண்டிக்கிடல."

மேலேயிருந்து கங்காணி குரல் கொடுத்தார். "அங்க என்ன மாநாடு?"

அன்றைக்கே மகனைக் கொண்டுவந்தது. புது விரிப்புப் போட்டிருந்தோம். "தலமாட்ட மட்டும் மாத்திப் போடலாமா?" என்று கேட்டது. நானும் அதுவும் பிடித்துத் திருப்பிப் போட்டோம். மகனைப் படுக்க வைத்துவிட்டு, அவன் இடுப்பிலிருந்த சேலைத்துணியை அவிழ்த்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருந்து, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போனது.

பையன் எங்களோடு பழகிவிட்டான். அடுத்த வருஷம் சிவப்புப் பந்து போகிற பக்கம் கண்ணைத் திருப்பினான். அந்த அக்கா மாதம் தவறாமல் பன்னோடு வந்து முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும், கடைசியில் மகனுக்கும் ஊட்டும்.

அந்தச் சமயத்தில்தான் தேவிகுளம் பக்கமிருந்து வேறொரு தாய் வர ஆரம்பித்தாள். அவளும் கேட்டைப் பிடித்துக்கொண்டு இடம் கேட்டாள். இங்கே கட்டில் எப்படிக் காலியாகும் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு அவளும் ஒரு பை பன்னோடு வந்தாள். அன்றைக்கு அந்த அக்காவும் வந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை. கட்டில் கட்டிலாக ஊட்டிக்கொண்டே சன்னலோரத்துக்கு வந்து, ஒரு துண்டைப் பிய்த்துத் தேநீரில் நனைத்தாள். பையன் வாயைத் திறந்தான்.

அந்த அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுத்தனமாக இல்லை, பிடித்தது அவ்வளவுதான்.

"என் புள்ளைக்கு நான் ஊட்டிக்கிறேன்."

வந்தவளின் விரலிலிருந்து தேநீர் தரையில் சொட்டியது.

அக்கா பிடியை விட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் தாடையால் காட்டியது.

"அடுத்த கட்டிலுக்குக் குடு."