திருவட்டாற்றுக் கொன்றை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளை சித்திரை விஷு. விடியலில் கண் விழித்ததும் முதலில் பார்க்கும் கணித்தட்டில் வைக்கக் கொன்றைப்பூ வேண்டி, அஞ்சுகிராமத்திலிருந்து நான் பிறந்த திருவட்டாற்றுக்கு வந்து இறங்குகிறேன். பேருந்து நிற்கும் இடத்திலேயே மரம் இலை தெரியாமல் மஞ்சளாக நிற்கிறது. காலை மழையில் பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. தரையில் விழுந்தது கணிக்கு ஆகாது.

மரத்தில் ஏறிப் பூப் பறிப்பவரிடம், அஞ்சுகிராமத்திலிருந்து வருகிறேன், ஒரு கொத்து வேண்டும் என்கிறேன். அவர் கைக்கு எட்டும் கடைசிக் கொத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "ஒங்க ஊர்ல கொன்னை இல்லியா பாட்டி?"

"இருக்கு மக்கா. நான் பெறந்த ஊருப் பூ மாதிரி வருமா?"

"அப்போ முந்தானைய விரியும், பாப்போம்!"

பேருந்துக்கு நிற்கும் இத்தனை பேர் பார்க்க எனக்குக் கூச்சம். ஆனாலும் விரித்துப் பிடிக்கிறேன். கொத்து முழுசாக மடியில் விழுகிறது.

மரம் நிற்கும் இடத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். ஒரு இதழும் தரையில் படவில்லை என்பதை மட்டும் மாற்றவேண்டாம்.