எங்கள் பங்குக்கு வந்த தோகை

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு குஷன் உறை இருக்கிறது. அரக்கு நிறப் பட்டு. அதில் பச்சையும் நீலமுமாக எம்பிராய்டரி செய்த மயில் தோகை. தோகை மட்டும்தான், மயில் கிடையாது. கழுத்தும் உடலும் சென்னையில் என் நாத்தனார் வீட்டில் இருக்கின்றன. இரண்டு காலும் கொஞ்சம் பூவும் புளியறையில் கொழுந்தன் வீட்டில். என் மாமனார் தன் கையால் செய்து எங்களுக்குக் கொடுத்த கடைசிப் பொருள் இது. அன்பளிப்பு என்று அவர் சொன்னார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மாமா போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இலஞ்சியில் வீடு. அவர் முன்னால் நிற்பவர்கள் தங்களையறியாமல் கையைக் கட்டிக்கொள்வார்கள், அவர் பெற்ற பிள்ளைகள் உட்பட. ஓய்வு பெற்ற பிறகு அதிகாரம் செய்ய ஆளில்லாமல் இரண்டு மாதம் தென்னைகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் போனில் எதையோ பார்த்து குரோஷா ஊசியும் கம்பளி நூலும் வாங்கிவந்துவிட்டார். லத்தி பிடித்த கையில் பூ மலருகிறது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் மெச்சினார்கள். பேத்தி எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்தெல்லாம் போன் வந்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால்கூட குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அத்தையைக் கூப்பிடுகிறவர் அவர். அந்த மனிதரைக் குழந்தை உள்ளம், கலை உள்ளம் என்று நாலு பேர் சொல்லக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

முதல் வருடம் முழுக்கக் குல்லாய். சாரல் சீசனுக்கு வரும் உறவுகளுக்கு, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுக்க வந்தவர்களுக்கு, கம்பளிக் குல்லாய் போட்டு அனுப்பிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். "கையால செஞ்சது. கடையில கெடைக்காது, பாத்துக்கோ" என்பார். போட்டுக்கொள்ளாமல் யாரும் படியிறங்க முடியாது. பதினோரு பேர் பதினோரு குல்லாயோடு ஐந்தருவிக்குப் போய் நின்ற படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அங்கே ஒரு குரங்கு என் கணவரின் சித்தப்பா தலையிலிருந்து குல்லாயைப் பிடுங்கிப் போய், மரத்தில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தண்ணீரில் வீசியது. அந்தக் குடும்பத்தில் மாமாவின் கைவேலைக்கு உண்மையான அபிப்பிராயம் சொன்னது அந்தக் குரங்கு ஒன்றுதான்.

அடுத்தது மேக்ரமே. வெள்ளைக் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் சுவரில் தொங்கவிடுவது. ஃபிரிட்ஜ் மேல் போட ஒரு விரிப்பு, கதவுக்கு ஒரு தொங்கல், கண்ணாடியைச் சுற்றி ஒரு குஞ்சம் என்று குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்பது உருப்படி வந்து சேர்ந்தது. கொடுப்பதோடு விட்டால் பரவாயில்லையே. ரோந்து வருவார். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது, அவருடைய புல்லட் வண்டியின் சத்தம்தான். உள்ளே வந்ததும் காப்பியைக் கேட்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் "அது எங்கன?" என்று மட்டும் கேட்பார். அதனால் தெருமுனையில் சத்தம் கேட்டதும் நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடி, அலமாரியைத் திறந்து, எடுத்து மாட்டி, விரித்து, மூச்சு வாங்க நின்று "வாங்க மாமா", "வாங்கப்பா" என்போம். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அவர் சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. பயந்தோம், அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு எவ்வளவு இளக்காரம் இருந்ததோ, அதில் பாதியாவது எங்கள் மேலும் இருந்திருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

மூன்றாவதாக எம்பிராய்டரி. அதற்குள் அவருக்கு அறுபது நிறைகிறது. இலஞ்சி குமாரர் கோவிலில் அறுபதாம் கல்யாணம், பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். மாமா ஒரு பட்டுச் சேலை வாங்கி, முந்தி முழுவதும் ஒரே மயிலாகத் தானே தைத்து முடித்தார். நாலு மாத வேலை. சும்மா சொல்லக் கூடாது, மயில் நன்றாகவே வந்திருந்தது. நன்றாக வந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மணையில் அந்தச் சேலையோடு அத்தை உட்கார வேண்டும், அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கும்போது சேலையை அத்தை கையில் கொடுத்தார். அத்தை வாங்கிப் பார்த்தாள், மடித்தாள், கட்டில் மேல் வைத்தாள். "எனக்கு வேண்டாம்" என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் வேண்டாம் அது என்று என் கணவர் பிறகு சொன்னார்.

மாமா தென்னைப் பக்கம் போய்விட்டார். வீடே நடுங்கியது. அத்தையைச் சரிக்கட்ட என்னை அனுப்பினார்கள். நானும் போனேன். ஒரு நாள்தானே, கட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள், அவரும் சந்தோஷப்படுவார் என்று சமாதானம் சொன்னேன். அத்தை தேங்காய் துருவிக்கொண்டே சொன்ன கதை இது. கல்யாணமான புதிதில் காவலர் குடியிருப்பில் இருந்தபோது அவள் கைக்குட்டையில் பூ தைத்துக்கொண்டிருந்தாள். தையலில் மூழ்கியதில் அவர் கதவு தட்டியது கேட்கவில்லை. திறக்கத் தாமதம். போலீஸ்காரன் வீட்டில் தையல்காரி எதற்கு என்று கேட்டுவிட்டு, நூல், ஊசி, மரவளையம் எல்லாம் இருந்த பெட்டியைக் கொண்டுபோய்க் கிணற்றில் கவிழ்த்தார். மற்றதெல்லாம் முங்கிவிட்டது. வளையம் மட்டும் மிதந்தது. தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் வாளி அதை இடித்துத் தள்ளும். எடுத்தால் அதற்கும் ஏதாவது சொல்வாரே என்று அவள் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதுவும் காணாமல் போயிற்று.

"அவருக்கு அந்தப் பெட்டி ஞாபகமே இல்ல, கேட்டியா. இருந்தா நூலைத் தொடக் கை வருமா?" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எம் மவன் சொல்லிருக்கான். புல்லட் சத்தம் கேட்டா ஓடிப் போயி ஃபிரிட்ஜ் மேல துணிய விரிக்கேல்லா, அதே மாதிரி என்னையும் செய்யச் சொல்லுதே. என்னால முடியாதுட்டி."

திரும்பி வந்து, அத்தை கேட்கமாட்டேன் என்கிறாள் என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னேன்.

கல்யாணம் நடந்தது. அத்தை தன்னுடைய பழைய மாம்பழ நிறப் பட்டில் உட்கார்ந்தாள். மாமா தாலி கட்டினார், படம் எடுத்தார்கள், பாயசம் நன்றாக இருந்தது. அடுத்த மாதம் மாமா அந்த முந்தியைக் கத்தரியால் வெட்டி, குஷன் உறைகளாகத் தைத்து, ஜிப் வைத்து, ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். "ஒங்க அத்தைக்கு வேண்டாமாம். நீங்களாவது வச்சுக்கிடுங்க" என்று என்னிடம் சொன்னார். மனைவி செய்த குற்றத்தை வீட்டுக்கு வீடு ஒட்டிவைத்த நோட்டீஸ் அது. நாங்கள் எல்லோரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். பிறகு பல வருடம், சத்தம் கேட்கும்போதெல்லாம் சோபாவில் மாட்டினோம்.

போன ஆடியில் மாமா போய்விட்டார். நெஞ்சுவலி, ஒரே நாள். அத்தை இப்போது எங்களோடு இருக்கிறாள். நான் ஒரு மரவளையமும் நூலும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். கண் தெரியவில்லை என்று என் மகளிடம் கொடுத்துவிட்டாள். அவள் அதில் வளையல்களைக் கோத்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் புல்லட் ஒன்று திரும்பியது. நான் கத்தியை வைத்தேன், கையைத் துடைத்தேன், அலமாரியைத் திறந்தேன், உறையை எடுத்துக் குஷனில் ஏற்றினேன். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, யாருக்கு மாட்டுதே?" என்று கேட்டாள்.

அதற்குள் நான் ஜிப்பை முழுவதும் இழுத்து மூடியிருந்தேன்.