சாட்சித் திட்டில் ஊற்றிய தண்ணீர்

ஊறி, முளைவிட்டு, அப்புறம் அழுகிப்போன வேர்க்கடலை எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயது. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் மலையிலிருந்து இறங்கிய ஓடை, புதிதாய்ப் போட்ட மண்கரையை உடைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் புகுந்தது. அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதைக்கடலை மூன்று மூட்டையும் வீட்டுக்குள்ளேயே மூழ்கின. அந்த நாற்றம் பொங்கல் வரை போகவில்லை.

வெள்ளத்தைத் தடுக்கத்தான் அந்தக் கரையையே போட்டார்கள். போட்டவர் ஏழுமலை மேஸ்திரி. மண் சுமந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. "தண்ணி தெளிச்சு மிதிச்சாதான் மண்ணு கெட்டியாவும் மேஸ்திரி" என்று அம்மா சொன்னதற்கு, "நீ இன்னா இன்ஜினியரா? கூடையத் தூக்குமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மறு கோடையில் கரையைத் திரும்பக் கட்ட வந்ததும் அதே ஆள்தான். மண் வெட்டும் ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் கொஞ்சம் தரையை வெட்டாமல் திட்டாக விடுவார்கள். "சாட்சி" என்று பெயர். அதன் உயரத்தை அளந்தால் எவ்வளவு ஆழம் வெட்டிக் கரையில் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். மேஸ்திரி பாதி ஆழம்தான் வெட்டினார். மீதி உயரத்துக்கு, புல்லோடு பெயர்த்த மண்கட்டியைச் சேறு பூசித் திட்டின் தலையில் ஒட்டவைத்தார். அம்மாவுக்குக் கூழ் கொண்டுபோன நான் அதைப் பார்த்துவிட்டேன்.

சாட்சியை அளந்து பார்க்க அரசாங்க ஆபீசர் வரும் அன்று மத்தியானம், மேஸ்திரி புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்ததும், குட்டையில் குடம் குடமாக மொண்டு ஒவ்வொரு திட்டின் தலையிலும் ஊற்றினேன். தெளிக்கத்தானே மாட்டேன் என்றாய், இந்தா.

ஆபீசர் டேப்பை வைத்ததும் புல்லும் கட்டியும் வழுக்கி விழுந்தன.

"இன்னாய்யா மேஸ்திரி, சாட்சி தொப்பி கழட்டி வணக்கம் வைக்குது? மறுபடி முழு ஆழம் வெட்டு. தண்ணி தெளிச்சு மிதி. நான் இங்கியே நின்னு பாக்கறேன்" என்றார்.

ஆள் பற்றாமல் மேஸ்திரியே மண்வெட்டியைப் பிடித்தார். அம்மா காலிக் கூடையை அவர் முன்னால் வைத்தாள். "கூடையத் தூக்குங்க, இன்ஜினியர் சார்."

இந்த முறை நானும் சிரித்தேன்.

இப்போது பள்ளங்கள் தூர்ந்துவிட்டன. திட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏழுமலை மேஸ்திரி பிற்பாடு கட்டிய மாடி வீடு எங்கள் தெருவில், அன்று தண்ணீர் தெளித்து மிதித்த அந்தக் கரையை நம்பி, அதற்கு நேர் கீழே இருக்கிறது.