பந்துக்காரர் பெண்டாட்டி

வாழ்க்கைப்பட்ட ஊரில் என் பெயர் பலருக்குத் தெரியாது. பந்துக்காரர் பெண்டாட்டி என்றால் தெரியும். மன்னார்குடியிலிருந்து கிழக்கே போகும் பஸ்ஸில் கண்டக்டரே, "பந்துக்காரர் வூட்டம்மா இறங்கணும், நிறுத்துங்க" என்றுதான் குரல் கொடுப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

என் கணவர் ஒரு கால்பந்துக் குழுவுக்குச் சொந்தக்காரர். கல்லூரியில் ஆடியவர், முழங்கால் போனபிறகு ஆட்டத்தை விட்டார், பந்தை விடவில்லை. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று கடலோர ஊர்களில் பந்தயங்கள் தொடங்கும். அவற்றுக்கு அவர் குழுவை அழைத்துப் போவார். சும்மா பொழுதுபோக்குக் குழு இல்லை. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம், பூட்ஸ், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. காசுக்கு ஆடும் குழுக்கள் அந்தப் பக்கத்தில் நாலைந்து இருந்தன. எல்லாம் பணக்காரர்கள் வைத்திருந்தவை. அவர்களில் நல்ல முதலாளி யார் என்று யாரைக் கேட்டாலும் என் கணவரைத்தான் சொன்னார்கள். அதைச் சொல்ல என்னிடமே வருவார்கள். நான் சிரித்துக்கொண்டு மோர் கொடுப்பேன்.

கோல்கீப்பருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று அவருக்குத் தெரியும். எனக்குப் பலாப்பழம் ஒத்துக்கொள்ளாது என்பது கல்யாணமாகி ஆறாம் வருஷம்தான் தெரிந்தது, அதுவும் நான் வாந்தி எடுத்தபிறகு. எனக்கு டைபாய்டு வந்தபோது ஆளனுப்பி என் அம்மாவை வரவழைத்துவிட்டு நாகூருக்குப் போனார். அதே வருஷம் ஓர் ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் எலும்பு விட்டுப்போனது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்து, அவன் எழுந்து நடந்தபிறகுதான் வீடு திரும்பினார்.

எல்லோரையும்விட எனக்கு ஆகாதவன் அந்த இடதுகால்காரன். முன்னால் நின்று கோல் போடுகிறவன். கூலிக்காரர்கள் குடியிருந்த தெற்குத் தெருப் பையன். அவன் அப்பா எங்கள் வயலில் அறுப்பு அறுத்தவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடியை அந்தத் தெருமுனையில் நட்டவரும் அவர்தான். ஒருநாள் ஆட்டம் முடிந்து கொல்லைப்புறம் வந்து உட்கார்ந்தான். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. என் கணவர் நல்லெண்ணெய் காய்ச்சித் தரச் சொன்னார். காய்ச்சிக் கொண்டுபோனேன். அவரே தரையில் குந்தி, அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து நீவிவிட ஆரம்பித்தார். ஐயா வேண்டாங்க, வேண்டாங்க என்று அவன் நெளிந்தான். "சும்மா இருடா" என்றார். இதை அண்டை அசல் பார்த்தால் என்ன பேசுவார்கள் என்று நான் பயந்தது உண்மைதான். ஆனால் என்னை அந்த இடத்திலேயே நிற்கவைத்தது பயம் இல்லை. என் காலை அவர் தொட்டது கல்யாணத்தன்று அம்மியில் வைத்து மெட்டி போட்டபோது மட்டும்தான்.

கழக ஆட்சி வந்த புதிது அது. நில உச்சவரம்பைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சில் மிராசுதார்கள் நிலத்தை யார் யார் பெயருக்கோ மாற்றிக்கொண்டிருந்தார்கள். தெற்குத் தெருவில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். அந்தத் தையில் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. வயலில் ஓர் ஆள் இறங்கவில்லை. சிலர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து போலீஸ் காவலோடு அறுத்தார்கள். வாய்க்கால் கரையில் கல்லெறி நடந்தது. தெருவில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள்.

என் கணவரின் குழுவில் பாதிப் பேர் தெற்குத் தெருக்காரர்கள். வேலைநிறுத்தத்திலும் அவர்கள் சாயங்காலம் பந்தாட வந்தார்கள். அதை ஊர் எப்படிப் பொறுக்கும்? ஒருநாள் காலையில் அவருடைய பெரியப்பா மகன் வந்தார். ஊரில் அவருக்குத்தான் நிலம் அதிகம். வந்தவர் உட்காரவில்லை.

"வயல்ல இறங்க மாட்டானுங்க, பந்தாட மட்டும் வருவானுங்களா? ஒண்ணு அறுப்புக்கு வரச் சொல்லு, இல்ல பந்த நிறுத்து" என்றார்.

"பந்து வேற, அறுப்பு வேற அண்ணே."

"உனக்கு வேற. எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆடுறது யாரு எடத்துலன்னு ஞாபகம் இருக்கட்டும்."

ஊருக்கு மேற்கே இருந்த அந்தத் தரிசு அவருடையது. வழிவழியாகப் பிள்ளைகள் ஆடிய இடம்.

மத்தியானம் சோறு போடும்போது நானே பேச்சை எடுத்தேன். வடகிழக்கே மேகம் கட்டியிருந்தது. முற்றிய கதிரில் மழை விழுந்தால் அவ்வளவுதான்.

"உங்க பசங்களக் கேளுங்களேன். நீங்க கேட்டா வரமாட்டாங்களா?"

"கேட்டா வந்துடுவானுங்க."

"அப்பறம் என்ன?"

"வந்துட்டா நாளைக்கு அவன் தெருவுல எப்படி இருப்பான்? அதான் கேக்கல." ரசத்தைக் கையைக் காட்டிப் போதும் என்றார்.

அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும் என்று பின்னால் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்தது ஆத்திரம். என்னிடம் இந்த மனிதர் எதைக் கேட்காமல் இருந்தார்? அத்தனை பேருக்கும் சோறாக்கு என்பார், பனியன்களை வெளுத்துப் போடு என்பார், உன் தம்பி கல்யாணத்துக்கு நீ மட்டும் போய் வா, எனக்குப் பந்தயம் இருக்கிறது என்பார். கேட்டால் நான் செய்துவிடுவேன் என்று தெரியும்; தெரிந்துதான் கேட்பார். கேட்டால் வந்துவிடுவார்கள் என்பதற்காகவே கேட்காமல் விடும் மரியாதை தெற்குத் தெருப் பையன்களுக்கு. எச்சில் இலையைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொல்லையில் வீசினேன்.

இரண்டு நாள் பார்த்தார். மழை தூற ஆரம்பித்ததும் சங்கத்துக்காரர்களை வரச்சொல்லி, அவர்கள் கேட்ட கூலியை அப்படியே தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஊரில் முதலில் இறங்கிவந்த மிராசுதார் அவர். எங்கள் வயல் அறுத்து முடிந்தது. அந்த வாரமே மேற்குத் தரிசில் பெரியப்பா மகன் ஏர் பூட்டினார். உழுது, தண்ணீர் பாய்ச்சி, கோல் கம்பங்களைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டார். நான் பார்க்கப் போனேன். எனக்கு வருத்தமாக இல்லை. இனி சாயங்காலங்களில் மனிதர் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில்தான் இருந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"உன் ஆறு மாவுல வெள்ளாமை முடிஞ்சுதான கெடக்கு" என்றார்.

ஆறு மா என்பது ஏறக்குறைய இரண்டு ஏக்கர். என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த நிலம், வாய்க்காலை ஒட்டி, என் பெயரில் பட்டா உள்ளது. எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த ஒன்றே ஒன்று.

"கேக்குறீங்களா, உத்தரவா?"

"கேக்குறேன்."

"அவங்கள மட்டும் கேக்க மாட்டீங்க. என்னைய மட்டும் கேப்பீங்க."

நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்காமல் எழுந்து போனார்.

அடுத்த வாரம் முத்துப்பேட்டையில் பந்தயம். நானும் வருகிறேன் என்றேன். அதுவரை நான் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. அங்கே சிங்கப்பூர்ச் சாமான் கடை வைத்திருந்த ஒரு பாய்க்கும் சொந்தக் குழு இருந்தது. அன்றைக்கு எங்களுக்கு எதிராக ஆடியது அதுதான். அவர் வீட்டு மாடியிலிருந்து மைதானம் முழுதும் தெரியும். அவர் வீட்டுப் பெண்கள் எனக்கு நாற்காலி போட்டு, வட்டலாப்பம் என்று ஓர் இனிப்பைக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

நான் பந்தைப் பார்க்கவில்லை. என் கணவரைத்தான் பார்த்தேன். பாய் கோட்டோரம் ஓடியபடி கத்தினார், தொப்பியைக் கழற்றி ஆட்டினார், நடுவரோடு சண்டைக்குப் போனார். பார்க்கப் பிடித்தது. இவர் கோல் கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கூடை சாத்துக்குடியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கவில்லை. வீட்டில் பேசாமல் இருப்பாரே, அதே வாய்தான். ஆனால் இங்கே அது வேறாக இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்களுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. இடதுகால்காரன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய் எதிர்வீட்டு ஓட்டில் விழுந்தது. கூட்டம் கூச்சலிட்டது, எங்கள் ஆட்டக்காரர்களே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அவன் யாரையும் பார்க்காமல் இவரைத் திரும்பிப் பார்த்தான். இவர் ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தவர், கையைத் தூக்கித் தண்ணீர் குடி என்பதுபோல் சைகை காட்டினார். அவ்வளவுதான். அவன் முகம் தெளிந்ததை மாடியிலிருந்தே பார்த்தேன். தோற்றுப்போனார்கள். தோற்ற பிறகும் அவரைச் சுற்றித்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

குழம்பில் உப்பு கூடிப்போன நாளில் நான் இவர் முகத்தை அப்படிப் பார்த்ததுண்டா? பார்த்தால் தண்ணீர் குடி என்று கை காட்டியிருப்பாரா? பாயின் சம்சாரம் என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, தோத்ததுல வருத்தமா?" என்றார். ஆமாம் என்றேன்.

கீழே கூடத்தில் தேநீர் குடிக்கும்போது பாய் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மிராசு, அந்த இடதுகால் பையன எனக்குத் தாங்க."

"அவன் என்ன மாடா, நான் கயித்த மாத்திக் குடுக்க? அவனையே கேளுங்க."

அவனைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே நின்றான். பாய் அவனை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சிங்கப்பூரில் தன் அண்ணன் கடையில் வேலை, அங்கேயே ஒரு குழுவில் ஆடலாம், பாஸ்போர்ட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவன் என் கணவரைப் பார்த்தான்.

"ஐயா என்ன சொல்றீங்க?"

"என்னைக் கேக்காத. எனக்கு எது நல்லதோ அதத்தான் நான் சொல்லுவேன். உங்கப்பாகிட்ட பேசு."

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நானும் இத்தன வருஷமா பந்து நடத்துறேன் தங்கச்சி. இவரு மாதிரி ஒரு நாளும் சொல்ல வராது எனக்கு. சொன்னா என் டீமு காலியாயிடும்."

"இவருக்கும் காலியாகும்" என்றேன்.

பையன் சித்திரையில் கப்பலேறினான். போவதற்கு முதல் நாள் அப்பாவோடு வந்து கொல்லையில் நின்று சொல்லிக்கொண்டு போனான். என்னிடமும் சொன்னான், நல்லா இரு என்றேன், மனசாரத்தான் சொன்னேன். அவர்கள் போனபிறகு இவர் கொல்லைக் குளத்தில் இறங்கிக் கால் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதுவரை அந்தப் பையன்மேல்தான் பொறாமை என்று எண்ணியிருந்தேன். இப்போது அது இவர்மேல் திரும்பியது. தான் வளர்த்த ஒருவனைப் போகவிட்டு, அதை நினைத்து இப்படி நிற்கவும் இவருக்கு வாய்த்திருந்தது. எனக்கு என்ன இருந்தது? வருஷா வருஷம் குத்தகைக்காரர் அளந்துபோடும் நெல்லும், நான் எட்டிக்கூடப் பார்க்காத ஆறு மா நிலமும்.

மறுநாள் சமையலை முடித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "பசங்கள வரச் சொல்லுங்க. என் நிலத்துக்கு. நான் பேசிக்கிறேன்."

குத்தகைக்காரரிடம் அதற்கு முன்பே பேசியிருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். வரப்பில் வரிசையாக நின்றார்கள். இவர் என் பக்கத்தில் நின்றார்.

"இந்த நெலம் என்னோடது. அறுப்பு முடிஞ்சதுலேருந்து ஆடி வரைக்கும் நீங்க ஆடலாம். ஆத்துல தண்ணி வந்துட்டா ஆட்டம் கெடையாது, உழவு. அப்ப வந்து ஐயாகிட்ட கெஞ்சக் கூடாது. கெஞ்சறதா இருந்தா என்கிட்ட கெஞ்சணும்."

"சரிங்கம்மா" என்றார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

கோல்கீப்பர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். பழக்கத்தில் இவரைப் பார்த்து வாயைத் திறந்து, பிறகு என் பக்கம் திரும்பினான். "அம்மா, கம்பத்த வடக்கு தெக்கா நட்டுக்கவா? கிழக்கு மேற்கா நட்டா சாயங்கால வெயில் கண்ணுல அடிக்குதுங்க."

இவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. நான் நிலத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தேன். அவ்வளவு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வடக்கு தெக்காவே நடுங்க" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது இவர் முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, "வடகோடி பள்ளம். ஒரு மழை பெஞ்சா தண்ணி நிக்கும்" என்றார்.

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"உன்னையில்ல கேட்டான்."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட அதே வயிற்றெரிச்சல். நான் எட்டிப் பிடிக்கப் போகவில்லை. என் நடையிலேயே மெதுவாக நடந்தேன்.