டைல்ஸ்காரர் கிளப்பும் எங்கள் கெஸ்ட் பிளேயர்களும்

போன இரண்டு வாரமும் இந்த இடத்தில் ஏன் உங்களைக் காணோம் என்று கேட்டு எழுதியவர்களுக்கு முதலில் ஒரு விஷயம் — உடம்புக்கு ஒன்றுமில்லை. தொண்டைதான் கட்டிக்கொண்டது. பெரம்பலூரில் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் ஓரத்தில் நின்று நாள் முழுக்கக் கத்தியதால் வந்த வினை. ஐம்பதைத் தாண்டியாச்சு, இதெல்லாம் தேவையா என்று டாக்டர் கேட்டார். தேவைதான் டாக்டர். ஏன் என்று சொல்கிறேன்.

கதை ஆரம்பித்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

என் சித்தப்பா மகன் அமலன் இத்தாலியிலிருந்து லீவில் வந்திருந்தான். வரதராஜன்பேட்டையில் பிறந்தவன். படித்துக் கத்தோலிக்கச் சாமியாராகி, பல வருஷமாக இத்தாலியில் ஒரு சின்ன மலையூரில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறான். ஊருக்கெல்லாம் ஃபாதர். எனக்கு மட்டும் இன்னும் 'டேய்'தான். மரியாதையாகக் கூப்பிடவேண்டும் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைப்பேன்... வாய் வரமாட்டேன் என்கிறது.

பிரியாணி பரிமாறியாகிவிட்டது. இவனோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஃபோனையே பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"யாருடா தவறிட்டா?" என்றேன்.

"யாருமில்லக்கா. ஜெயிச்சுட்டோம்" என்றான்.

யார் ஜெயித்தது? எதில்? அவன் ஊர் பாஸ்கெட்பால் கிளப்பாம். மேட்ச் முந்தின நாளே முடிந்துவிட்டது. ஆனால் இவன் ஞாயிற்றுக்கிழமை பூசையை முடிக்கும்வரை யாரும் ரிசல்ட் அனுப்பக் கூடாது என்று அங்கே உத்தரவு போட்டு வைத்திருக்கிறான். தெரிந்துவிட்டால் பிரசங்கத்தில் மனசு ஒட்டாதாம். அன்று காலை எங்கள் கோயிலில் அவன் வைத்த பிரசங்கத்தை நானும் கேட்டேன். ரிசல்ட் தெரியாதபோதும் பெரிதாக ஒட்டின மாதிரி தெரியவில்லை.

மேஜையில் இன்னொருத்தியும் இருந்தாள். கலைவாணி. அரியலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண். எங்கள் பெண்கள் பாஸ்கெட்பால் கிளப்பின் கேப்டன். அந்தக் கிளப்புக்குத் தலைவி நான். வேறு யாரும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் அன்று விருந்துக்கு வரவில்லை. என்னிடம் ஒரு பதில் வாங்கிப் போக வந்தாள். நான்தான் பிடித்து உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். பதில் சொல்வதைத் தள்ளிப்போட அதைவிட நல்ல வழி உண்டா?

விஷயம் இதுதான். எங்கள் கிளப்புக்கு என்று இருப்பது ரெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூட கோர்ட். லாரிகள் போய்வருகிற ரோட்டோரம். சாம்பல் நிறத்தில் தூசி படிந்துகிடக்கும். பெருக்கித் தண்ணீர் தெளிக்காமல் ஆடினால் வழுக்கி விழவேண்டியதுதான். கூடை மாட்டியிருக்கிற போர்டு ஒரு பக்கம் இற்றுப்போய்விட்டது. இருட்டினால் ஆட்டம் காலி, லைட் கிடையாது. இதை வைத்துக்கொண்டு போன வருஷம் பெரம்பலூர் டோர்னமெண்டில் எங்கள் பெண்கள் அரையிறுதிவரை போனார்கள். சாதாரண விஷயமா?

அதைப் பார்த்த லாரி முதலாளி ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது. லைட் போட்டுத் தருகிறேன், போர்டு மாற்றித் தருகிறேன், ஜெர்சி, ஷூ எல்லாம் தருகிறேன் என்றார். தங்கமான மனுஷன். ஒரே ஒரு நிபந்தனை — இந்த வருஷம் கப் வேண்டும். அதற்காகச் சென்னையிலிருந்து கெஸ்ட் பிளேயர் ஐந்து பேரை அவரே இறக்குவார்.

கெஸ்ட் பிளேயர் இல்லாத டோர்னமெண்ட் நம் பக்கம் உண்டா? கபடியோ வாலிபாலோ, வெளியூரிலிருந்து ஆட்களைப் பேசிக் கூட்டிவந்து நம் ஊர் பேர் போட்ட பனியனை மாட்டிவிடுவோம். அவர்கள் ஜெயிப்பார்கள். நாம் வெடி வெடிப்போம். மறுநாள் அதே ஆட்கள் பக்கத்து ஊர் பனியனில் நமக்கு எதிராக ஆடிக்கொண்டிருப்பார்கள். அதையும் கைதட்டிப் பார்ப்போம்.

ஆனால் பாஸ்கெட்பாலில் கோர்ட்டில் இறங்குவதே ஐந்து பேர்தான். ஐந்தும் கெஸ்ட் என்றால் எங்கள் பெண்கள்? பெஞ்சில். கலைவாணியின் நிலைமை இன்னும் மோசம். அவள் அப்பா மாணிக்கம் ஓட்டுவது அந்த முதலாளியின் லாரி. வேண்டாம் என்று இவள் வாயைத் திறந்தால் அடி விழப்போவது அப்பாவின் வேலையில்.

"கிளப்புக்கு நல்லதுன்னா சரின்னு சொல்லிடுங்கக்கா. நான் பெஞ்ச்ல உக்காந்துக்கிறேன்" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

பள்ளிக்கூடப் பாவாடையில் வந்து பந்தைப் பிடித்தவள், இந்த டோர்னமெண்டுக்காகக் காலையில் கடை திறக்கும் முன்னால் ஓடி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பந்து போட்டுப் பழகியவள். அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், என் கண் லைட் மேலேயே இருந்தது.

பேச்சை மாற்றலாமே என்று அமலனிடம், "உன் கிளப் என்ன, உலகக் கோப்பையா வாங்கிடுச்சு?" என்று கேட்டேன்.

இல்லையாம். இருப்பதிலேயே கடைசி டிவிஷனில், ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஒரு மேட்ச். அதற்கா இந்த அழுகை? அப்போதுதான் சொல்ல ஆரம்பித்தான். பிரியாணி ஆறியே போனது.

அவன் இருக்கும் ஊரில் டைல்ஸ் தொழிற்சாலைதான் எல்லாம். அங்கெல்லாம் கோயில் முற்றத்தில் ரிங் மாட்டி வைத்திருப்பார்களாம், பிள்ளைகள் ஆட. அப்படி முற்றத்தில் ஆடிய பையன்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் அந்தக் கிளப். ஒவ்வொரு டிவிஷனாக மேலே ஏறியது. நடுவில் டைல்ஸ் முதலாளி ஒருவர் வந்து சேர்ந்தார். இத்தாலியில் யார் செலவு செய்கிறாரோ அவர் கம்பெனி பேர்தான் டீமுக்கு. ஊர் பேர் பின்னால் போய்விட்டது, டைல்ஸ் பேர் முன்னால் வந்தது. யாரும் கவலைப்படவில்லை. டீம் ஜெயிக்கிறதே.

அமலன் போய்ச் சேர்ந்தது கிளப்பின் நல்ல காலத்தில். பாஷை தெரியாது, குளிர் தாங்கவில்லை, பேச ஆளில்லை. ஒருநாள் பூசைக்கு வருகிற பாட்டிகள் அவன் கழுத்தில் கிளப் கலரில் ஒரு மஃப்ளரைச் சுற்றி மேட்சுக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். இவனுக்குப் பாஸ்கெட்பாலில் ஒரு இழவும் தெரியாது. பாட்டிகள் எழுந்தால் எழுந்தான், அவர்கள் திட்டினால் இவனும் திட்டினான். இத்தாலி பாஷையே அப்படித்தான் கற்றுக்கொண்டானாம். முதலில் வந்தது கெட்ட வார்த்தைகள்தான், அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டேன் என்று சிரித்தான்.

முதல் டிவிஷனுக்கே போய்விட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரிய நகரத்து டீம் ஒன்று அந்த மலையூருக்கு வந்து தோற்றுப் போனது. அன்று கோயில் மணியை அடித்தது நான்தான் என்றான். பிஷப்பிடம் திட்டும் வாங்கினானாம்.

அப்புறம்? மேலே போகப் போக உள்ளூர்ப் பையன்களுக்கு டீமில் இடமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியை வீண் செலவு என்று நிறுத்தினார்கள். கோயில் முற்றத்து ரிங் துருப்பிடித்தது. ஹால் நிறைய ஜனம், கோர்ட்டில் மட்டும் அந்த ஊர் முகம் ஒன்றுகூட இல்லை. அப்போதும் யாரும் கவனிக்கவில்லை. அமலனும்தான்.

டைல்ஸ் வியாபாரம் படுத்தது. முதலாளி விலகினார். ஒரே கோடையில் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்தது நடந்ததைக் கேளுங்கள் — லீகில் அந்த ஊருக்கு இருந்த இடத்தையே வேறொரு நகரத்துக்கு விற்றுவிட்டார்கள். அங்கே அப்படி விற்கலாமாம். ரிசர்வ் செய்த சீட்டில் நாம் உட்கார்ந்திருக்கும்போதே வேறொருவரைக் கூட்டிவந்து எழுப்பிவிட்ட மாதிரி. பாட்டிகள் மஃப்ளரோடு வந்து பூட்டின ஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

பல வருஷம் அந்த ஊரில் பந்துச் சத்தமே இல்லை. கடைசியில் ரொட்டிக்கடைக்காரம்மா ஒருத்தர்தான் இவனிடம் வந்து முற்றத்து ரிங்கைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். சரிசெய்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். பழைய ஊர் பேரிலேயே, கடைசி டிவிஷனில் போய் நின்றார்கள். தோற்றார்கள். மறுபடியும் தோற்றார்கள். இப்போது ஜெயித்து ஒரு படி ஏறிவிட்டார்கள். அந்த ஒரு படிக்குத்தான் பிரியாணியை விட்டுவிட்டு அழுதிருக்கிறான்.

கலைவாணி அதுவரை சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள். இப்போது, "இப்ப ஆடறவங்கள்லாம் எந்த ஊர் ஃபாதர்?" என்று கேட்டாள்.

"அதே ஊர்தாம்மா. ரொட்டிக்கடைக்காரம்மா பையன்தான் கேப்டன்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். "வேணாம்க்கா. நாங்களே ஆடறோம். அப்பாட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்காரச் சம்மதித்த பெண்ணா இது என்று பார்த்தேன். என்னிடமிருந்து பதில் வாங்க வந்தவள் எனக்குப் பதில் சொல்லிவிட்டாள். லைட் போச்சே என்று ஒரு மூச்சு விட்டேன். அப்புறம் லாரி முதலாளிக்கு ஃபோன் போட்டேன்.

அவர் கத்தவில்லை. "சந்தோசம்ங்க மேடம். அப்ப நானே ஒரு டீம் இறக்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். இறக்கவும் செய்தார். தன் கம்பெனி பேரிலேயே ஒரு டீம். ஐந்தல்ல, பெஞ்ச் உட்பட மொத்தமும் கெஸ்ட். மாணிக்கத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிட விசேஷம் — லாரியிலிருந்து இறக்கி, அந்தக் கெஸ்ட் பிளேயர்களைக் கூட்டிப்போய் வருகிற வேனுக்கு டிரைவராகப் போட்டுவிட்டார். கம்பெனி டீ ஷர்ட்டும் மாட்டச் சொல்லிவிட்டார்கள்.

பெரம்பலூரில் எங்கள் பெண்கள் ஒவ்வொரு டீமாக முடித்துக்கொண்டே வந்தார்கள். ஃபைனலில் எதிரே யார்? வேறு யார்.

சென்னைப் பெண்கள் நல்ல ஆட்டக்காரிகள், பொய் சொல்லக் கூடாது. உயரம், வேகம் இரண்டும் இருந்தது. எங்கள் பிள்ளைகளிடம் இருந்தது பழக்கம். யார் எங்கே நிற்பாள் என்று திரும்பிப் பார்க்காமலே பந்தைப் போட்டார்கள். கலைவாணி பாய்ந்து பாய்ந்து கூடையில் போட்டாள். லீவு இன்னும் மிச்சமிருந்த அமலன், மே மாதம் மாதிரி அடிக்கிற வெயிலில் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு இத்தாலி பாஷையில் கத்தினான். என்ன கத்தினான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கலைவாணி பாயிண்ட் எடுக்கும்போதெல்லாம் கோர்ட்டுக்கு வெளியே ஒரு ஹாரன் சத்தம். முதலாளி திரும்பிப் பார்த்தார். மாணிக்கம் வேனிலிருந்து தலையை நீட்டி, "ஹாரன் கொஞ்சம் மக்கர் பண்ணுது சார், செக் பண்றேன்" என்றார். ஆட்டம் முடியும்வரை செக் செய்துகொண்டேயிருந்தார்.

தோற்றோம். கொஞ்சம் பாயிண்டில்தான். கலைவாணி பந்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. வந்தது என்ன, அழுதேன்.

இனிமேல்தான் விசேஷம். பரிசளிப்பு மாலை நான்கு மணி என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். நம் ஊரில் நோட்டீஸில் போட்ட நேரத்துக்குச் சிறப்பு விருந்தினர் வந்து பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. அந்த நோட்டீஸை நம்பின ஒரே ஆள் தன் செலவில் அதை அடித்துக்கொடுத்த நம்ம முதலாளிதான். பரிசு வாங்கினதும் கிளம்ப வசதியாகக் கெஸ்ட் பிளேயர்களுக்குச் சாயங்கால ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டார். மறுநாள் அவர்களுக்கு வேறு ஊரில் வேறு பனியன் காத்திருக்கிறதே. பெரம்பலூரில் ரயில் ஏது? அரியலூருக்குப் போய்த்தான் ஏறவேண்டும். விருந்தினர் வந்தபாடில்லை. வேன் கிளம்பியது. "டயத்துக்கு ஏத்திவுடணும்னு சாரே சொல்லியிருக்காரு" என்று மாணிக்கம் என்னிடம் சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

விருந்தினர் வந்தார், வழக்கம்போல் நேரம் கழித்து. மைக்கில் கம்பெனி பேரைச் சொன்னார்கள். முதலாளி மேடையேறிக் கப்பை வாங்கினார். வாங்கித் தனியாக நின்றார்.

"டீமை வரச் சொல்லுங்க சார்" என்றார் ஃபோட்டோக்காரர்.

முதலாளி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் மேடைக்குக் கீழே நின்றிருந்த எங்கள் பெண்களைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வந்து நில்லுங்கம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆண்டவர் கிருபை, தொண்டை ஏற்கெனவே போயிருந்தது.

கலைவாணிதான் முதலில் ஏறினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நின்றார்கள், சிரித்தார்கள், ஃபோட்டோ எடுத்தாயிற்று.

இறங்கும்போது முதலாளி அவளிடம் கேட்டார், அடுத்த வருஷமும் இதே டீம்தானா, யாராவது மாறுவீர்களா என்று.

"நாங்க எங்க சார் போவப்போறோம்? இங்கதான் இருப்போம்" என்றாள் கலைவாணி.

அவர் கையிலிருந்த கப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு, "இதைக் கொஞ்ச நேரம் புடிம்மா, வந்து வாங்கிக்கிறேன்" என்று கப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

இரண்டு வாரமாகிறது. இன்னும் வாங்க வரவில்லை.